ஆர்ஓ ரிஜெக்ட்டில் மீன் சாகிறது: உப்பா, அம்மோனியாவா, கரிமமா?

#1 கூவம்பாலம்

நகராட்சிக் கழிவுநீரை இரண்டாம் நிலை சுத்திகரிப்புக்குப் பிறகு யுஎஃப் (நுண்வடிப்பு), ஆர்ஓ (எதிர்ச்சவ்வூடு பரவல்) வழியாக எடுத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் பற்றிய கேள்வி. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் இருக்கும் தலா 45 எம்எல்டி (நாளுக்கு 4.5 கோடி லிட்டர்) நிலையங்களின் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எண்கள் அந்த நிலையங்களுடையவை அல்ல, கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

ஆர்ஓவுக்குள் போகும் நீர்: டிடிஎஸ் (கரைந்த மொத்த உப்பு) 1,200, குளோரைடு 450, அம்மோனியா நைட்ரஜன் 10, காரத்தன்மை 300, சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை, கரிம மாசின் அளவீடு) 40, டிஓசி (கரைந்த கரிமக் கார்பன்) 12 (எல்லாம் மி.கி./லி.). மீட்பு (நல்ல நீராகக் கிடைக்கும் பங்கு) 75%. ரிஜெக்ட் (மெம்ப்ரேன் என்ற சவ்வு தடுத்ததோடு வெளியேறும் மிச்சநீர்) 15 எம்எல்டி.

நம் நாட்டு விதிப்படி 100% கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90% மீன் உயிரோடு இருக்க வேண்டும். ரிஜெக்ட்டில் முதல் நாளே மீன் மிதக்கிறது. ஆய்வக அறிக்கையில் சிஓடி 520. “கரிம நச்சு, ஓசோன் போடுங்கள்” என்கிறார்கள். ஓசோன் வாங்குவதற்கு முன் கேட்கிறேன்: இது சரியான முடிவா?

#2 உப்புக்கணக்கு

முதலில் நிறைச் சமன்பாடு (ஃபீட் என்பது உள்ளே போகும் நீர், பெர்மியேட் என்பது மெம்ப்ரேனைக் கடந்து வரும் நல்ல நீர்). ரிஜெக்ட் செறிவு = (ஃபீட் − மீட்பு × பெர்மியேட்) ÷ (1 − மீட்பு). மெம்ப்ரேன் முழுதாகத் தடுக்கும் பொருள் 75% மீட்பில் 4 மடங்கு ஆகும். 85% என்றால் 6.7 மடங்கு.

உங்கள் எண்களுக்கு, வட்டமாக: டிடிஎஸ் 4,800, குளோரைடு 1,800, அம்மோனியா நைட்ரஜன் 38, காரத்தன்மை 1,200, டிஓசி 48. சிஓடி 160 வர வேண்டும். 520 எங்கிருந்து வந்தது? மெம்ப்ரேன் சிஓடியை உற்பத்தி செய்யாது. ஓசோனுக்கு முன்னால் அந்த அறிக்கையைத்தான் பிடித்து உலுக்க வேண்டும்.

#3 ஆய்வகமேசை

520 வந்த வழி தெரிந்ததுதான். டைக்ரோமேட் ரசாயனம் கொண்டு அளக்கும் சிஓடியில் ஒவ்வொரு மி.கி. குளோரைடும் 0.226 மி.கி. சிஓடியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். 1,800 குளோரைடு முழுதும் ஆக்சிஜனேற்றம் ஆனால் 407 பொய் சிஓடி. அதைக் கட்டிப்போட மெர்குரிக் சல்ஃபேட், குளோரைடின் எடைக்குப் பத்து மடங்கு வேண்டும். 20 மி.லி. மாதிரிக்கு 0.4 கிராம் என்ற வழக்கமான அளவு 2,000 மி.கி. குளோரைடு வரைதான் தாங்கும். ரிஜெக்ட் அந்த விளிம்பில் நிற்கிறது. சல்ஃபேட்டைக் கடைசியில் போட்டாலோ கரையுமுன் அமிலம் ஊற்றினாலோ பாதிக் குளோரைடு தப்பிவிடும்.

செய்ய வேண்டியது:

மாதிரியைச் சரிபாதியாக நீர்க்கச் செய்யுங்கள். மெர்குரிக் சல்ஃபேட் முதலில், நன்றாகக் கலக்கிய பிறகே மற்றவை. கூடவே ஒரு குழாயில் 1,800 மி.கி. குளோரைடு உள்ள வெறும் உப்புக்கரைசல், அதே நீர்த்தலோடு. அதில் சிஓடி 10க்கு மேல் காட்டினால் அன்றைய தொகுதி முழுதும் செல்லாது.

டிஓசியிலும் ஒரு கண்ணி உண்டு. காரத்தன்மை 1,200 என்றால் கனிமக் கார்பன் ஏறக்குறைய 288 மி.கி. மொத்தக் கார்பனிலிருந்து கனிமக் கார்பனைக் கழித்து 48ஐக் கண்டுபிடிக்கப் பார்த்தால், 288இல் 3% பிழையே 9 மி.கி. ஆகிவிடும். பிஹெச் 2க்குக் கீழே அமிலமாக்கி, வாயு ஊதிக் கனிமக் கார்பனை விரட்டிய பிறகு அளக்கும் முறையை மட்டும் நம்புங்கள். உப்பு, எரிகுழாயின் வினையூக்கியைச் சீக்கிரம் தின்னும், அதனால் ஐந்தாறு மாதிரிக்கு ஒருமுறை தரக்கரைசல் ஓட்டுங்கள்.

#4 கூவம்பாலம்

சரி, சிஓடி 160 என்றே வைத்துக்கொள்கிறேன். மீன் செத்தது பொய் இல்லையே?

#5 டாஃப்னியா

மீன் சொல்வதும் டாஃப்னியா (நீர்த்தெள்ளு) சொல்வதும் ஒன்றல்ல, அங்கிருந்து தொடங்குவோம்.

4,800 டிடிஎஸ்ஸில் டாஃப்னியா மாக்னா 48 மணி நேரத்தில் பாதி முடங்கும். சோடியம் குளோரைடுக்கு அதன் இசி50 (பாதி உயிர்களை முடக்கும் செறிவு) லிட்டருக்கு 4 முதல் 6 கிராம் வட்டாரத்தில். அது உப்பின் வேலை. கப்பி, திலேப்பியா போன்ற மீன்கள் 4.8 கிராம் உப்பைப் பொருட்படுத்தவே பொருட்படுத்தாது. ஆக உங்கள் மீன் உப்பால் சாகவில்லை.

அம்மோனியாவைப் பாருங்கள். அழுத்தத்திலிருந்து வெளிவரும் ரிஜெக்ட்டில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும், பிஹெச் 7.2 என்று வைப்போம். மீன் தொட்டியில் காற்று ஊதியதும் அந்த வாயு பறந்துவிடும். காரத்தன்மை 1,200 இருப்பதால் ஒரு இரவில் பிஹெச் 8.4க்கு ஏறும். 25 டிகிரியில் 7.2இல் தனி அம்மோனியா (மின்சுமை இல்லாத, மீனுக்கு நச்சான வடிவம்) 0.9%, அதாவது 38இல் 0.34 மி.கி. 8.4இல் 12.4%, அதாவது 4.7 மி.கி. பெரும்பாலான நன்னீர் மீன்களுக்கு 96 மணி நேரக் கொல்லும் அளவு 0.5 முதல் 3 மி.கி.க்குள் அடங்கும். காலையில் மிதந்தது அதனால்தான். காற்றுக்கல் வைத்தவர் மீனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

இதை நிரூபிக்க ஒரே மாதிரியை மூன்று தொட்டியாகப் பிரியுங்கள். ஒன்றில் காற்றோடு கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு கலந்து பிஹெச் 7.0இல் நிறுத்துங்கள். இரண்டாவது 7.7. மூன்றாவதை அதன் போக்கில் விடுங்கள். 7.0இல் மீன் பிழைத்து மூன்றாவதில் செத்தால் குற்றவாளி அம்மோனியா. மூன்றிலும் செத்தால் வேறு ஏதோ இருக்கிறது. தொட்டியின் பிஹெச்சை நாளுக்கு ஒருமுறை எழுதினால் போதாது, முதல் 24 மணி நேரத்தில் நான்கு முறையாவது எழுதுங்கள்.

ஜியோலைட் (அயனிகளைப் பிடிக்கும் கனிமம்) வைத்து அம்மோனியத்தை எடுத்துக் காட்டலாம் என்பார்கள். ரிஜெக்ட்டில் சோடியம் போட்டி போடுவதால் அரைகுறையாகத்தான் எடுக்கும். பிஹெச் வழியே சுத்தம்.

உப்புக்கும் ஒரு சாட்சித் தொட்டி வேண்டும். ரிஜெக்ட்டின் அயனிப் பகுப்பாய்வை வைத்து, கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் உட்பட அதே விகிதத்தில் செயற்கை உப்புநீர் தயாரியுங்கள். வெறும் சமையல் உப்பு போட்டால் தவறான விடை வரும். மொத்த உப்பு ஒன்றாக இருந்தாலும் அயனி விகிதம் மாறினால் டாஃப்னியா வேறு மாதிரி சாகும்.

கரிம நச்சு மட்டும் தெரிய வேண்டுமென்றால் ஒளிரும் பாக்டீரியாச் சோதனை, ஐஎஸ்ஓ 11348. அது கடல் உயிர், 2% உப்பில்தான் வாழும், ரிஜெக்ட் உப்பு அதற்கு ஒன்றுமே இல்லை. 15 டிகிரியில் 30 நிமிடத்தில் முடிந்துவிடும்.

#6 மெம்ப்ரேன்காரர்

டாஃப்னியா அண்ணன் சொன்ன “வேறு ஏதோ”வில் பாதி, ஆபரேட்டர் கையால் போட்டதாக இருக்கும். ஆர்ஓ ஃபீடில் என்ன என்ன டோஸ் போகிறது என்று முதலில் பட்டியல் எடுங்கள்.

குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது): மெம்ப்ரேனில் பாசி பிடிக்காமல் இருக்க ஃபீடில் 1 முதல் 3 மி.கி. வைத்திருப்பார்கள். ரிஜெக்ட்டில் கணிசமாக மிஞ்சும். லிட்டருக்கு 0.1 மி.கி.க்கும் குறைவே டாஃப்னியாவுக்குப் போதும். டிபிடி (குளோரினை நிறத்தால் காட்டும்) சோதனையில் இணைந்த குளோரினையும் சேர்த்துப் பாருங்கள், தனிக் குளோரின் பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது.

மெட்டாபைசல்ஃபைட்: குளோரினை அடக்கப் போடுவது. அளவுக்கு மேல் போனால் சல்ஃபைட்டாக ரிஜெக்ட்டில் 4 மடங்கு சேரும். 80 மி.கி. சல்ஃபைட் 16 மி.கி. ஆக்சிஜனைக் குடித்துவிடும். மீன் மூச்சுத்திணறிச் சாகும், அறிக்கையில் “நச்சு” என்று வரும். அதே சல்ஃபைட் சிஓடியையும் கூட்டும், நாளைக்கு உங்கள் ஓசோனையும் தின்னும்.

டிபிஎன்பிஏ: அதிர்ச்சி டோஸாகப் போடும் பயோசைட். மெம்ப்ரேன் நன்றாகத் தடுப்பதால் டோஸ் முழுதும் ரிஜெக்ட்டில் போகும். பிஹெச் ஏற ஏறத் தானே சிதையும், பைசல்ஃபைட்டும் கொல்லும். டோஸ் போட்ட நாளில் எடுத்த மாதிரியும் போடாத நாளில் எடுத்த மாதிரியும் இரண்டு வேறு நீர்கள்.

சிஐபி (மெம்ப்ரேனைக் கழற்றாமல் ரசாயனத்தால் கழுவுவது) கழிவு ரிஜெக்ட் தொட்டிக்குப் போகிறதா என்றும் பாருங்கள். பிஹெச் 12 காஸ்டிக், ஈடிடிஏ, சோப்பு எல்லாம் அதில் இருக்கும். தனித்தொட்டி கட்டாமல் குழாயை ரிஜெக்ட்டிலேயே செருகிய இடங்கள் உண்டு.

#7 நேரடியாக

அம்மோனியா, கரிமம், நிறம் மூன்றுக்கும் ஒரே மருந்து எலக்ட்ரோ ஆக்சிடேஷன் (மின்முனைகளால் ஆக்சிஜனேற்றம்). குளோரைடு ஏற்கெனவே இருக்கிறது, மின்சாரம் கொடுத்தால் போதும், ரசாயனமே வேண்டாம். சிஓடி 160லிருந்து 40க்கு வந்துவிடும். இவ்வளவு சோதனை எதற்கு?

#8 டாஃப்னியா

சிஓடி இறங்கும், மறுக்கவில்லை. நச்சு ஏறும்.

குளோரைடு ஆனோடில் குளோரின் ஆகிறது. 48 மி.கி. டிஓசியோடு அது சேர்ந்தால் ட்ரைஹாலோமீத்தேன், ஹாலோ அசெட்டிக் அமிலங்கள் என்ற நச்சுத் துணைப்பொருள்கள். ரிஜெக்ட்டில் புரோமைடும் 4 மடங்கு இருப்பதால் புரோமின் ஏறிய துணைப்பொருள்கள், அவை குளோரின் வகையைவிட மோசம். போரான் பூசிய வைர ஆனோடு என்றால் குளோரேட்டும் பெர்குளோரேட்டும் கூட. பெர்குளோரேட்டைப் பிறகு எந்தக் கரியும் எளிதில் பிடிக்காது.

#9 உப்புக்கணக்கு

அம்மோனியா கணக்கையும் போட்டுவிடுவோம். முறிவுப்புள்ளிக்கு (அம்மோனியா முழுதும் அழியும் நிலை) 1 மி.கி. நைட்ரஜனுக்கு 7.6 மி.கி. குளோரின். 38க்கு 290 மி.கி./லி. அதாவது 15 எம்எல்டிக்கு நாளுக்கு 4.3 டன் குளோரினை ஆனோடில் உண்டாக்க வேண்டும். 100% மின்திறனில், 6 வோல்ட்டில், கன மீட்டருக்கு 1.3 யூனிட். திறன் பாதியானால் 2.6. அதற்கு முன்னால் எங்கே நிறுத்தினாலும் கையில் இருப்பது குளோரமைன், மீனுக்கு அம்மோனியாவைவிடக் கொடியது. ரசாயனமே வேண்டாம் என்று சொல்வது நோட்டீஸில் நன்றாக இருக்கும்.

#10 நேரடியாக

ஏற்கிறேன், சிறிய ஓட்டங்களுக்கு என்று திருத்திக்கொள்கிறேன். பின்னால் கரித்தொட்டி வைத்தால்?

#11 டாஃப்னியா

கரி, ஹாலோ கரிமங்களில் ஒரு பங்கைப் பிடிக்கும், மிச்சக் குளோரினையும் சிதைக்கும். குளோரேட் தப்பும். சிறிய ஓட்டத்துக்குச் சரி.

#12 நொய்யல்கரை

சாயக்கழிவு பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறைதான் அங்கே வழி. ரிஜெக்ட் ஆற்றுக்குப் போகவில்லை, அதனால் மீன் சோதனை இல்லை, கரிமத்தைப் பற்றிக் கவலையும் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கரிமம் வேறு வாசல் வழியாக வந்து உதைக்கும்.

7,000 டிடிஎஸ் சாயக்கழிவை 85% மீட்டால் ரிஜெக்ட் 46,000 வட்டாரம். துணியில் ஒட்டாமல் நீரில் சிதைந்த ரியாக்டிவ் சாயம் பெரிய மூலக்கூறு, சல்ஃபோனேட் எதிர்மின் சுமை கொண்டது, முழுதும் ரிஜெக்ட்டில்தான். கூடவே வெட்டிங் ஏஜென்ட், சீக்வெஸ்டரிங் ஏஜென்ட். நோனைல்ஃபீனால் வகை சோப்பு பயன்படுத்தினால் அது சிதைந்து ஹார்மோன்போல் நடிக்கும் நோனைல்ஃபீனாலாக நிற்கும்.

ரிஜெக்ட்டைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டரில் முதலில் தெரிவது நுரை. நுரை ஏறிக் கண்டன்சேட்டுக்குள் (ஆவி குளிர்ந்து கிடைக்கும் நீர்) போனால் டிடிஎஸ் எகிறும். உடனே சிலிக்கான் ஆன்ட்டிஃபோமை ஊற்றுவார்கள். அந்தக் கண்டன்சேட்டை ஆர்ஓ ஃபீடில் திருப்பிச் சேர்த்தால் மெம்ப்ரேன் அடைக்கும், சிஐபி செய்தாலும் நீங்காது.

அடுத்தது கண்டன்சேட்டின் சிஓடி. சாயக் குளியலை நடுநிலையாக்கப் போட்ட அசெட்டிக் அமிலம், பிஹெச் 5க்குக் கீழே போனால் ஆவியோடு ஏறும். பிஹெச் 8க்கு மேலே போனால் அம்மோனியா ஏறும். அதனால் எவாப்பரேட்டருக்குள் போகும் நீரின் பிஹெச்சை 6.5க்கும் 7க்கும் நடுவில் வைப்பது இரண்டுக்கும் நல்லது.

மூன்றாவது, உப்பு. குளிர்வித்து கிளாபர் உப்பு எடுக்கும்போது (சோடியம் சல்ஃபேட்டின் கரைதிறன் 32.4 டிகிரியில் உச்சம், கீழே போகப் போகச் சரியும்) படிகம் தன்னளவில் வெள்ளைதான். இடுக்கில் ஒட்டிய தாய்க்கரைசல்தான் (படிகம் விழுந்த பின் மிஞ்சும் கரைசல்) பழுப்பு. சென்ட்ரிஃப்யூஜில் குளிர்ந்த, சுத்தமான சல்ஃபேட் கரைசலால் கழுவினால் நிறம் போகும். வெறும் நீரால் கழுவினால் உப்பே கரைந்து போகும். தாய்க்கரைசலைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் கரிமம் அதில் ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் படிகமே விழாது, கூழ்தான் வரும். அதிலிருந்து ஒரு பங்கை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். அதுதான் கடைசியில் யாருக்கும் வேண்டாத மிக்ஸ்டு சால்ட்டாகக் கொட்டகையில் அடுக்கப்படுகிறது. பையில் இருப்பது உப்பு மட்டுமல்ல, ஆர்ஓ தடுத்த கரிமமும்தான்.

பிரைன் (உப்பு) நீரைச் சாயத்துக்கே திருப்பும் இடங்களில் இன்னொன்று: நிறம் எடுக்கப் போட்ட பெராக்சைடோ குளோரினோ மிச்சம் இருந்தால் ஷேடு அடிபடும். சோதனைக் கீற்று வைத்துப் பூஜ்ஜியம் என்று பார்த்த பிறகே சாயத் தொட்டிக்கு விடுங்கள்.

#13 கூவம்பாலம்

நன்றி அண்ணா. என் கேள்விக்குத் திரும்புகிறேன். அம்மோனியாவும் பயோசைடும் தீர்ந்த பிறகு மருந்து, ஹார்மோன் மிச்சம் இருக்கும். அதற்காவது ஓசோன் சரியா? என்ன அளவு?

#14 உப்புக்கணக்கு

சரி. ஆனால் எதற்காக என்று தெரிந்து வாங்குங்கள். ஃபீடில் கார்பமாசெபின் (வலிப்பு மருந்து) லிட்டருக்கு அரை மைக்ரோகிராம் என்றால் ரிஜெக்ட்டில் 2. அது மீனை உடனே கொல்லாது, அதற்கு ஆயிரம் மடங்கு போதாது. அதனால் 96 மணி நேரச் சோதனை மருந்துகளைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. ஹார்மோன் கதை வேறு. கனடாவின் சோதனை ஏரிகள் பகுதியில் 260ஆம் ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் சேர்த்தார்கள். ஒரு மீன் கூட உடனடியாக மிதக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த ஏரியின் ஃபேட்ஹெட் மின்னோ மீன்கூட்டமே குலைந்துபோனது.

அளவு: டிஓசி ஒரு கிராமுக்கு 0.6 கிராம் ஓசோன். 48க்கு 29, வட்டமாக 30 மி.கி./லி. நாளுக்கு 450 கிலோ. 10% செறிவில் ஆக்சிஜன் நாளுக்கு 4.5 டன். நைட்ரைட்டைத் தனியாகக் கூட்டுங்கள், 1 மி.கி. நைட்ரைட் நைட்ரஜன் 3.4 மி.கி. ஓசோனைத் தின்னும். ஏரேஷன் சரியில்லாத நாளில் நைட்ரைட் 2 மி.கி. ஃபீடில் வந்தால் ரிஜெக்ட்டில் 8, அதற்கே 27 மி.கி. ஓசோன் போய்விடும். மருந்துக்கு ஒன்றும் மிஞ்சாது. “ஓசோன் வேலை செய்யவில்லை” என்ற புகாரைக் கேட்டால் முதலில் நைட்ரைட்டைப் பாருங்கள்.

#15 ஆய்வகமேசை

காரத்தன்மையையும் சொல்லுங்கள். யுவி-பெராக்சைடு முறை உண்டாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலை பைகார்பனேட் விழுங்கும், கார்பனேட் அதைவிட 45 மடங்கு வேகமாக விழுங்கும். யுவி-பெராக்சைடு விற்பவர்கள் அமிலம் போட்டு கார்பன் டை ஆக்சைடை ஊதித் தள்ளச் சொல்வார்கள். 1,200 காரத்தன்மைக்குக் கன மீட்டருக்கு 1.18 கிலோ சல்ஃப்யூரிக் அமிலம். 15 எம்எல்டிக்கு நாளுக்கு 17.6 டன். ஜிப்சம், பேரியம் சல்ஃபேட் படிவு இலவசம். அதனால்தான் இந்த நீருக்கு ஓசோன் நேரடியாகத் தாக்கும் பொருள்களை (கார்பமாசெபின், டைக்ளோஃபெனாக், சல்ஃபாமெத்தாக்சசோல், ஈஸ்ட்ரோஜன்கள்) மட்டும் குறிவைப்பது புத்திசாலித்தனம்.

பெராக்சைடு சேர்த்தால் சிஓடி அறிக்கையில் மறுபடி பொய் வரும். மிச்சமிருக்கும் 1 மி.கி. பெராக்சைடு 0.47 மி.கி. சிஓடியாகக் காட்டும். சல்ஃபைட் போட்டு அடக்காதீர்கள், அதுவும் சிஓடி. கேட்டலேஸ் நொதி போதும்.

ஓசோன் புரோமைடை நச்சான புரோமேட்டாக்கும், புரோமைடு 4 மடங்கு என்பதால் அதையும் கட்டாயம் அளக்கவும்.

#16 டாஃப்னியா

ஓசோனோடு நிறுத்தினால் பாதி வேலை. உடைந்த துண்டுகள் ஆல்டிஹைடு, கீட்டோன் வகை, அவை சில நேரம் பாக்டீரியாச் சோதனையில் மூலப்பொருளைவிட அதிக நச்சு காட்டும். பின்னால் உயிரிக்கரித் தொட்டி (நுண்ணுயிர் படர்ந்த கரி), 15 நிமிடத் தொடர்பு நேரம். 625 கன மீட்டர்/மணிக்கு 156 கன மீட்டர் கரி, எடை 70 டன் வட்டாரம். உயிர்ப்படலம் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும், குளோரமைன் உள்ளே வந்தால் பிடிக்கவே பிடிக்காது.

#17 மெம்ப்ரேன்காரர்

ஆன்ட்டிஸ்கேலன்ட்டையும் (உப்புப் படிவைத் தடுக்கும் ரசாயனம்) மறக்காதீர்கள். ஃபீடில் 3 மி.கி. போனால் ரிஜெக்ட்டில் 12. பாஸ்ஃபோனேட் வகையை ஓசோன் உடைத்து ஆர்த்தோபாஸ்ஃபேட் ஆக்கும். அதுவரை படியாமல் தாங்கி நின்ற கால்சியம், ஓசோன் தொட்டி டிஃப்யூசரிலும் கரித்தொட்டியிலும் படியத் தொடங்கும். டிஃப்யூசர் அழுத்தம் வாராவாரம் ஏறினால் காரணம் அதுதான்.

#18 கூவம்பாலம்

பிஎஃப்ஏஎஸ் (எளிதில் சிதையாத ஃபுளோரின் கரிமங்கள்), என்டிஎம்ஏ (புற்றுநோய் ஐயமுள்ள நைட்ரோசமைன்) இரண்டுக்கும் இதே வழியா?

#19 உப்புக்கணக்கு

இரண்டும் எதிர் எதிர் திசை. பிஎஃப்ஏஎஸ் வகையைச் சேர்ந்த பிஎஃப்ஓஎஸ்ஸின் மூலக்கூறு எடை 500, எதிர்மின் சுமை, 99%க்கு மேல் ரிஜெக்ட்டில். ஓசோனும் ஹைட்ராக்சிலும் அதை அசைக்காது, கரி அல்லது அயனிப் பிசின்தான். என்டிஎம்ஏ எடை 74, மின்சுமை இல்லை. தடுப்பு 50% என்று வைத்தால் 10 நானோகிராம் ஃபீடுக்கு ரிஜெக்ட்டில் 25, மொத்தத்தில் 37.5% பெர்மியேட்டோடு போய்விடும். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 85% மீட்பில் ஓடும் நிலையம், ஆர்ஓவுக்குப் பின்னால் பெர்மியேட்டில் யுவி-பெராக்சைடு வைத்திருப்பதற்கு என்டிஎம்ஏ ஒரு முக்கியக் காரணம். அவர்களுக்கு ரிஜெக்ட்டை விடக் கடலுக்குள் நீண்ட குழாய் இருக்கிறது. ஆற்றில் விட வேண்டிய ஊருக்கு அந்த வசதி இல்லை.

#20 கூவம்பாலம்

அப்படியானால் மாதிரி எடுப்பதிலிருந்து மறுபடி தொடங்குகிறேன். எப்படி எடுக்க வேண்டும் என்று யாராவது எழுதிவிடுங்கள்.

#21 ஆய்வகமேசை

ஏழு நாள், நாளுக்கு ஒரு 24 மணி நேரக் கூட்டு மாதிரி. டிபிஎன்பிஏ நாள் எது என்று பாட்டிலில் எழுதுங்கள். மீனுக்கு ஒன்று, கரிமத்துக்கு ஒன்று, தனித்தனி.

மீன் மாதிரி: இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றில் எடுத்தவுடன் தயோசல்ஃபேட், 1 மி.கி. குளோரினுக்கு 7 மி.கி. மற்றதில் ஒன்றும் போடாதீர்கள். இரண்டுக்கும் விடை மாறினால் குளோரமைன் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள், மேலே காற்று இருந்தால் வண்டியிலேயே பிஹெச் ஏறிவிடும். எடுத்த இடத்தில் பிஹெச், ஆய்வகம் வந்ததும் பிஹெச், இரண்டையும் எழுதுங்கள்.

கரிம மாதிரி: பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், 1 லிட்டர். 0.7 மைக்ரான் கண்ணாடி நாரில் வடித்து, பிஹெச் 2 முதல் 3. உள்தரம் (டியூட்டீரியம் ஏற்றிய கார்பமாசெபின் போன்றவை) வடித்த உடனே சேருங்கள், பிரித்தெடுத்த பிறகு சேர்த்தால் பயனில்லை. 500 மி.கி. எச்எல்பி (கரிமத்தைப் பிடித்துக்கொள்ளும்) கார்ட்ரிட்ஜ், 5 மி.லி. மெத்தனால், 5 மி.லி. அமில நீர், பிறகு மாதிரியை நிமிடத்துக்கு 5 முதல் 10 மி.லி. வேகத்தில். உப்பு போகக் கழுவி, உறிஞ்சி உலர்த்தி, 10 மி.லி. மெத்தனாலில் இறக்குங்கள். அந்தச் சாறு உப்பும் அம்மோனியாவும் இல்லாதது, அதைத்தான் பாக்டீரியாவுக்கும் டாஃப்னியாவுக்கும் கொடுக்க வேண்டும். டாஃப்னியாவில் கரைப்பான் லிட்டருக்கு 0.1 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. காலி நீரையும் இதே வழியில் ஓட்டி அதன் சாறையும் சோதியுங்கள், கார்ட்ரிட்ஜே சில நேரம் நஞ்சு கக்கும்.

பிஎஃப்ஏஎஸ் பார்ப்பதாக இருந்தால் அதற்கு மட்டும் பாலிப்ரோப்பிலீன் பாட்டில், டெஃப்லான் மூடி வேண்டாம்.

#22 மெம்ப்ரேன்காரர்

முதல் நாள் மாதிரிக்கு முன் ரிஜெக்ட் தொட்டியைக் கழுவச் சொல்லுங்கள். அடியில் போன தடவைச் சிஐபி கழிவு கிடக்கும்.